இரத்தக்காட்டேரி துப்பறிகிறான்

"இரத்தக்காட்டேரிக் கதையெல்லாம் ஒரு படிப்பா?" என்று கேட்பவர் நம்மிடையே பலர். குறளும் சிலம்பும் பயிலும் தமிழ் மன்றத்து இதழில், அதுவும் அறிவியல் முதுகலை மாணவன் ஒருவன், செத்தபின் எழுந்து நடமாடும் ஒருவனுடைய கதையைப் பற்றி எழுதப் புகுந்தால், அந்தக் கேள்வி இன்னும் சற்று உரக்கவே எழும். கேட்பவர்மேல் குற்றமில்லை. பேய்க்கதை என்ற பெயரில் நம் நாட்டில் விற்கப்படும் சரக்கில் பெரும்பகுதி அப்படிப்பட்டது. ஆனாலும் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கடலில் எறிவதற்குமுன், ஒரு நூலையாவது பிரித்துப் பார்ப்பது நல்லதன்றோ?

நான் படித்த நூலின் பெயர் 'பிளட்லிஸ்ட்'. மாதுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைக் கடையில் பழைய விலைக்குக் கிடைத்தது. பி. என். எல்ராட் என்னும் அமெரிக்கப் பெண் எழுத்தாளர் 1990-ஆம் ஆண்டு எழுதிய புதினம் அது. கதை நடக்கும் இடம் 1930-களின் சிக்காகோ மாநகரம். கள்ளச்சாராயத்தில் கொழுத்த கொள்ளைக்கூட்டங்கள் அரசாண்ட காலம். கதைத்தலைவன் ஜாக் பிளெமிங் ஒரு செய்தியாளன். பிழைப்புத் தேடி நியூயார்க்கை விட்டுச் சிக்காகோவுக்கு வந்தவன். வந்த சில நாட்களிலேயே அவனைக் கொன்றுவிடுகிறார்கள். கொலையுண்டவன் இரத்தக்காட்டேரியாய் எழுகிறான். தன் கடைசி நாட்களில் நடந்தது எதுவும் அவனுக்கு நினைவில்லை. "என்னைக் கொன்றவன் யார்? ஏன் கொன்றான்?" இந்த இரு கேள்விகளோடு, எஸ்காட் என்னும் தனியார் துப்பறிவாளர் ஒருவரைத் துணையாகக் கொண்டு, தன் கொலையைத் தானே துப்பறியத் தொடங்குகிறான்.

இதில் இரண்டு செய்திகள் என் மனத்தில் தங்கின. ஒன்று, அவனுக்குப் பசி எடுக்கும்போது மனிதர் கழுத்தைத் தேடி அலைவதில்லை. இரவில் சிக்காகோவின் கால்நடைத் தொழுவங்களுக்குச் சென்று மாட்டின் இரத்தத்தால் பசியாறுகிறான். மற்றொன்று, பகலில் அவன் உறங்க வேண்டுமானால் பிறந்த ஊரின் மண் உடலருகே இருக்கவேண்டும். பெட்டியில் அந்த மண்ணை நிரப்பிக்கொண்டு ஊர் ஊராகச் செல்கிறான். மண் இல்லாத இடத்தில் அவனுக்கு அமைதி இல்லை.

பிறந்த மண்ணைப் பெட்டியில் சுமப்பது அயல்நாட்டார் கற்பனை என்று எண்ணவேண்டாம். தென்மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடிப் போனவர்கள் குலதெய்வக் கோயிலில் பிடிமண் எடுத்துச் சென்று, போன இடத்தில் அதை வைத்து வழிபடுவது நம் மக்களிடையே உள்ள பழைய வழக்கம். தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களைக் கேட்டால், மஞ்சள் துணியில் முடிந்த திருநீறோ, ஒரு கைப்பிடி மண்ணோ, ஊர் ஆற்றின் ஒரு கூழாங்கல்லோ வீட்டில் எங்கேனும் இருக்கும். தெற்கிலிருந்து வரும் ரயில்கள் பல வந்து நிற்கும் லோகமான்ய திலக் முனையம் எங்கள் திலக் நகருக்கு அருகில்தான் இருக்கிறது. அங்கே இறங்கும் பெட்டிகளில் எத்தனை பெட்டியில் எத்தனை ஊர் மண்ணோ, யார் அறிவார்!

காட்டேரியைத் துப்பறிபவனாக்கியது எல்ராட் அம்மையாரின் புதுமை என்று ஆங்கிலம் படித்தவர்கள் மெச்சுவர். நமக்கு அது அத்தனை புதிதன்று. பிணத்துக்குள் குடிபுகுந்து முருங்கை மரத்தில் தொங்கும் வேதாளத்தை நாம் அறிவோம். 1947 ஜூலையில் தொடங்கிய 'அம்புலிமாமா' இதழ் அதைத் தலைமுறை தலைமுறையாக நம் வீடுகளுக்குக் கொண்டுவந்தது. பதினோராம் நூற்றாண்டில் சோமதேவர் தொகுத்த வடமொழிக் கதைக்கடலில் அந்த வேதாளக் கதைகள் உள்ளன. ரிச்சர்டு பர்ட்டன் 1870-இல் அவற்றை ஆங்கிலத்தில் தந்தபோது வேதாளத்தை 'வாம்பைர்' என்றே பெயரிட்டு அழைத்தார். அந்த வேதாளம் என்ன செய்கிறது? இரத்தம் குடிக்கிறதா? இல்லை. விக்கிரமாதித்தன் தோளில் ஏறிக்கொண்டு வழக்குச் சொல்கிறது. "இந்தச் சாவுக்குப் பொறுப்பு யார்? இந்தப் பெண் யாருக்கு உரியவள்? இவர்களுள் உயர்ந்தவர் யார்?" என்று கேட்கிறது. நம் கதைமரபில் பிணத்துள் வாழ்வது அச்சுறுத்துவதோடு நிற்கவில்லை, அது விசாரித்தது. அரசனையே சாட்சிக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்டது.

கதையை விட்டு வரலாற்றுக்கு வருவோம். இரத்தக்காட்டேரி என்ற அச்சம் ஐரோப்பாவை உலுக்கிய காலம் பதினெட்டாம் நூற்றாண்டு. இன்றைய செர்பியாவில் உள்ள கிசிலியேவோ என்னும் சிற்றூரில் 1725-இல் பெதார் பிளகோயெவிச் என்ற குடியானவர் இறந்தார். அடுத்த சில நாட்களில் ஒன்பது பேர் மடிந்தனர். இறந்தவரே எழுந்து வந்து கொல்கிறார் என்று ஊரார் முடிவு கட்டினர். கல்லறையைத் தோண்டி, உடலில் கழு ஏற்றி, எரித்தனர். சில ஆண்டுகள் கழித்து மெட்வெஜா என்னும் ஊரிலும் இதே கதை. அங்கே ஆஸ்திரியப் படையின் மருத்துவர்களே நேரில் சென்று கல்லறைகளைத் திறந்து பார்த்து, சில உடல்கள் அழுகாமல் இருந்தன என்று 1732-இல் அறிக்கை எழுதினர். கண்ணால் கண்டார்கள், கண்டதன் காரணத்தை ஆராயவில்லை. அந்தக் காட்டேரித் துப்பறிவாளர்கள் துப்பறியாமலே தீர்ப்பு எழுதிவிட்டார்கள்!

இன்று அந்தக் காரணங்கள் மருத்துவ மாணவர் அனைவருக்கும் தெரிந்தவை. குளிர்ந்த மண்ணில் உடல் மெல்லவே அழுகும். உள்ளே எழும் வாயுக்களால் வயிறு உப்பும். கருஞ்சிவப்பு நீர் வாய் வழியே வழியும். தோல் சுருங்குவதால் நகமும் முடியும் வளர்ந்ததுபோல் தோன்றும். இதைக் கண்டவர்கள் "இரத்தம் குடித்துக் கொழுத்திருக்கிறான்" என்றனர். 1755-இல் மொராவியா, சைலீசியா எல்லைப் பகுதியில் இத்தகைய பிணத்தோண்டல் மீண்டும் நடந்தபோது, பேரரசி மரியா தெரேசா தம் மருத்துவர் ஜெரார்ட் வான் சுவீட்டனிடம் விசாரணையை ஒப்படைத்தார். எல்லாவற்றுக்கும் இயற்கைக் காரணம் உண்டு என்று அவர் எடுத்துரைத்தார். பிணங்களைத் தோண்டுவதும் எரிப்பதும் தடை செய்யப்பட்டன. உண்மையான விசாரணை ஒன்று நடந்தது. கல்லறைகள் அமைதி பெற்றன.

ஆயினும் அறிவு ஓரிடத்தில் பிறந்துவிட்டால் போதுமா? ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து அறிவித்தது 1882 மார்ச்சில். சரியாகப் பத்து ஆண்டுகள் கழித்து, 1892 மார்ச்சில், அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் எக்ஸிட்டர் என்னும் ஊரில், காசநோயால் மாண்ட மெர்சி பிரவுன் என்னும் பத்தொன்பது வயதுப் பெண்ணின் உடலை ஊரார் வெளியே எடுத்தனர். அவள்தான் தன் அண்ணனின் உயிரை உறிஞ்சுகிறாள் என்றனர். அவளுடைய இதயத்தை எரித்து, சாம்பலை நீரில் கலந்து, நோயுற்ற அந்த அண்ணனுக்கே குடிக்கக் கொடுத்தனர். இரண்டு மாதத்தில் அவனும் இறந்தான். கிருமியின் பெயர் உலகுக்குத் தெரிந்து பத்தாண்டு ஆகியும், அது அந்தச் சிற்றூருக்குப் போய்ச் சேரவில்லை. அறிவியல் படிப்பவர்களாகிய நாம் இந்தப் பத்தாண்டு இடைவெளியை மறக்கலாகாது. நம் வேலை ஆய்வுக்கூடத்தில் தொடங்குகிறது; அங்கே முடிவதில்லை.

மெர்சி இறந்து ஐந்தாண்டு கழித்து, 1897-இல், பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' வெளிவந்தது. அதைத் திகிலுக்காகப் படித்தவர் பலர். நம்மைப்போல் ஊர்விட்டு ஊர் வந்தவர் படித்தால் வேறொன்று கண்ணில் படும். டிராகுலா யார்? கிழக்கிலிருந்து கப்பலேறி இலண்டனுக்கு வருபவன். ஐம்பது பெட்டிகளில் தாய்மண்ணைக் கொண்டுவருபவன். ஆங்கிலேயருடைய ரயில் கால அட்டவணையைக்கூட உட்கார்ந்து படிப்பவன். தான் பேசும்போது எவரும் "இவன் அயலான்" என்று கண்டுகொள்ளக்கூடாது என்று உச்சரிப்பைப் பழகுபவன். அடடா, இவனை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றவில்லையா? மராத்தியில் நம் 'ழ' இல்லை என்று பழகிப் பழகிப் பேசும் நம் பெரியவர்கள் நினைவுக்கு வரவில்லையா? ஸ்டோக்கரின் கதையில் அயலானே இரத்தம் உறிஞ்சுபவன், உள்ளூராரே துப்பறிபவர். தீர்ப்பு முதல் பக்கத்திலேயே முடிந்துவிட்டது.

அத்தகைய தீர்ப்பு நம்மேலும் எழுதப்பட்டதுண்டு. 1966 ஜூன் 19-இல் பம்பாயில் சிவசேனை தோன்றியபோது, மராத்தியருக்குரிய வேலைகளைத் தென்னிந்தியர் பறித்துக்கொள்கின்றனர் என்பதே அதன் முதல் முழக்கமாக இருந்தது. தென்னிந்திய அதிகாரிகளின் பெயர்ப்பட்டியல்கள் 'மார்மிக்' இதழில் அச்சேறின. வேட்டி கட்டியவனைக் கண்டு எள்ளும் முழக்கம் தெருவில் ஒலித்தது. மில்லிலும் அலுவலகத்திலும் இட்டிலிக் கடையிலும் உழைத்த மக்களுக்கு 'உறிஞ்சுபவர்' என்ற பட்டம் கிடைத்தது. வேலையின்மை உண்மை, மராத்தி இளைஞரின் துயரம் உண்மை. அதன் காரணத்தை விசாரிக்காமல் பக்கத்து வீட்டு அயலானைக் காட்டியதுதான் பிழை.

இதைச் சொல்லி நாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றுவிட்டால், பாதி உண்மையைத்தான் சொன்னவர்களாவோம். இன்று தமிழ்நாட்டில் கட்டட வேலைக்கும் உணவகத்துக்கும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வரும் தொழிலாளரைப் பற்றி நம் உறவினர் சிலர் பேசும் பேச்சைக் கேளுங்கள். சொற்கள் தமிழ், கருத்து 1966-இல் நம்மவர்மேல் வீசப்பட்டதே. சந்தேகிக்கப்பட்டவன் சந்தேகிப்பவனாக மாறுவதற்கு ஒரு ரயில் பயணமே போதும்போலும்!

சந்தேகம் பேச்சோடு நிற்பதுமில்லை. 2018-ஆம் ஆண்டை நினைவிற் கொள்க. பிள்ளை பிடிப்பவர் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் நாடெங்கும் பரவிற்று. மே மாதம் 9-ஆம் நாள், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்கு வழி கேட்டு, குழந்தைகளுக்கு இனிப்பும் கொடுத்த 65 வயது மூதாட்டியை ஒரு கூட்டம் அடித்தே கொன்றது. ஜூலை முதல் நாள், இதே மகாராட்டிரத்தில் துளே மாவட்டம் ராயின்பாடா என்னும் ஊரில், நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐந்து ஆண்கள் அதே வதந்தியால் அடித்துக் கொல்லப்பட்டனர். நாம் பிறந்த மாநிலம் ஒன்று. வாழும் மாநிலம் ஒன்று. இரண்டிலும் ஒரே கொடுமை. 1725-இல் கிசிலியேவோ ஊரார் இறந்தவனுக்குக் கழு ஏற்றினர். நாமோ உயிரோடிருந்தவர்களைக் கொன்றோம். "இவர் யார்? எங்கிருந்து வந்தார்? எதற்காக வந்தார்?" என்று கேட்கும் ஒரே ஒரு துப்பறிவாளன் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால்!

இப்போது 'பிளட்லிஸ்ட்' நூலுக்குத் திரும்புவோம். அதன் பெருமை எங்கே இருக்கிறது என்பது இப்போது விளங்கும். சந்தேகத்துக்கு உரியவனும் விசாரிப்பவனும் அதில் ஒரே ஆள். ஊர் யாரைக் கண்டால் கல்லெடுக்குமோ, அவனே அந்த ஊரின் குற்றவாளியைத் தேடுகிறான். படிப்பவன் அவனுடைய தோலுக்குள் நுழைந்து, நூல் முழுவதும் அயலானாக வாழ்ந்து பார்க்கிறான். தன்னைப் பற்றி உலகம் சொல்லிவைத்த கதைகளில் எது மெய், எது பொய் என்று அவன் தன்னையே சோதித்துப் பார்க்கும் இடங்கள் அறிவியல் மாணவனுக்கு இனிப்பவை. மொழிநடையில் பெரிய அழகு இல்லை. துப்பாக்கிச் சண்டைகள் தேவைக்குமேல் உண்டு. இலக்கிய உச்சம் என்று இதைத் தூக்கிப் பிடிக்க நான் வரவில்லை. ஆனால் "கதை கேள், கேள்வி கேள், பிறகு தீர்ப்புச் சொல்" என்ற பழக்கத்தை ஓர் இரவில் கற்றுத்தரும் நூல் எளிதில் கிடைப்பதில்லை.

"இப்படிப்பட்ட கதைகள் மூடநம்பிக்கையை வளர்க்குமே!" என்று பகுத்தறிவு நண்பர்கள் மறுப்பர். அவர்கள் அச்சம் வீணானதன்று. மந்திரவாதி வந்து பேயோட்டினால் குடும்பம் வாழும் என்று முடியும் கதைகள் நம் தொலைக்காட்சியில் குறைவில்லை. அவை கேள்வியை அடக்குபவை. நான் சொல்வது கேள்வியை எழுப்பும் கதைகளை. சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' நம்மிடம் இல்லையா? பேய் என்று வசந்த் நடுங்க, காரணம் உண்டு என்று கணேஷ் தேட, அந்த இருவர் வாதமே கதையாகிவிடுகிறது. படித்து முடித்தவன் பேயை நம்பினானா இல்லையா என்பது ஒருபுறம் இருக்கட்டும், வாதாடக் கற்றுக்கொள்கிறான்.

கதைக்கு வெளியிலும் அப்படிப்பட்டவர்கள் வாழ்ந்திருக்கிறார்கள். கேரளத்தில் 1898-இல் பிறந்து, யாழ்ப்பாணம் சென்று மாணவர்களுக்குத் தாவரவியல் கற்பித்தவர் ஆபிரகாம் கோவூர். பேய் பிடித்தது என்றும், வீட்டின்மேல் கல் விழுகிறது என்றும் இலங்கையில் அலறல் கேட்ட இடங்களுக்கெல்லாம் சென்று விசாரித்தார். பல இடங்களில் அவர் கண்டது ஆவியை அன்று. வாய்விட்டுச் சொல்ல முடியாத துயரம் கொண்ட ஒரு மனிதப் பிறவியை. அவரைக் குற்றவாளியாக்காமல் துயரத்தைத் தீர்க்க முயன்றார். மாய ஆற்றலை மெய்ப்பித்துக் காட்டுவோருக்கு ஓர் இலட்சம் ரூபாய் என்று 1963-இல் அறைகூவினார். 1978-இல் அவர் இறக்கும்வரை எவரும் அதை வெல்லவில்லை. நாம் வாழும் இம்மாநிலத்திலோ, மருத்துவர் நரேந்திர தாபோல்கர் இதே பணியைச் செய்து, 2013 ஆகஸ்டு 20-இல் புணே நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பல்லாண்டு போராடிய பில்லிசூனிய ஒழிப்புச் சட்டம் அதே ஆண்டில் நிறைவேறிற்று. விசாரணை என்பது நாற்காலியில் சாய்ந்துகொண்டு செய்யும் வேலையன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இரத்தம் என்றதும் இவ்வூருக்குரிய ஒரு பெருமையையும் சொல்லவேண்டும். ஸ்டோக்கரின் நூலில் லூசி என்னும் பெண்ணுக்கு நான்கு ஆடவரின் இரத்தம் ஒருவர்பின் ஒருவராய் ஏற்றப்படுகிறது. எவருடையது ஒத்துக்கொள்ளும் என்று யாரும் கேட்கவில்லை, கேட்க வழியுமில்லை. கார்ல் லேண்ட்ஸ்டைனர் இரத்த வகைகளை வெளியிட்டது 1901-இல்தான். அதன்பின் ஐம்பது ஆண்டு கழித்து, பம்பாயில் மருத்துவர் பெண்டேயும் அவருடைய குழுவினரும், வழக்கமான சோதனையில் 'ஓ' வகைபோல் தோன்றியும் 'ஓ' வகை இரத்தத்தை ஏற்காத சிலரைக் கண்டனர். 1952-இல் அதை உலகுக்கு அறிவித்தனர். 'பம்பாய் இரத்த வகை' என்று மருத்துவ நூல்கள் இன்றும் அதை அழைக்கின்றன. தோற்றத்தை நம்பியிருந்தால் நோயாளி இறந்திருப்பார். மேலும் ஒரு சோதனை செய்தார்கள், உயிர்கள் பிழைத்தன. ஓர் ஊருக்கு இதைவிட நல்ல துப்பறியும் கதை உண்டா?

ஆகவே நண்பர்களே, இந்த நூல்களை ஒளித்துவைத்துப் படிக்கவேண்டாம். மன்றத்தில் வைத்துப் படித்து வாதிடுவோம். அதோடு நில்லாமல், நம் தமிழில் நம் நகரத்துக்கு ஒரு காட்டேரித் துப்பறிவாளனைப் படைக்க யாரேனும் முன்வரவேண்டும். சிக்காகோவின் தொழுவத்துக்கு ஈடாக நமக்குத் தேவனார் இறைச்சிக்கூடம் இருக்கிறது. பெட்டி மண்ணுக்கு ஈடாகப் பிடிமண் இருக்கிறது. தாராவியின் சந்துகளும், ஹார்பர் லைனின் கடைசி வண்டியும், திலக் நகரின் பழைய குடியிருப்புகளை இடித்தெழுப்பும் புதுமாடிகளும் இருக்கின்றன. எழுதும் கைதான் வேண்டும்.

எழுதுவோர் எழுதும்வரை, நாம் எல்லாரும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. வேதாளம் விக்கிரமனுக்கு விதித்த நிபந்தனையை எண்ணிப் பாருங்கள். விடை தெரிந்தும் வாய்மூடி இருந்தால் தலை வெடித்துவிடும். வாய் திறந்தாலோ வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறிவிடும், பட்ட பாடெல்லாம் வீண். அரசன் ஒவ்வொரு முறையும் வாய் திறந்தான். ஒவ்வொரு முறையும் இருட்டில் திரும்பி நடந்தான். நம் குடும்பக் குழுவிலும் விடுதிக் குழுவிலும், "இன்ன ஊரான் பிள்ளை பிடிக்கிறான், இன்ன மொழிக்காரன் வேலை பறிக்கிறான்" என்று ஒரு செய்தி வந்து விழும் நாள் வரும். அது பொய் என்று நமக்குத் தெரியும். பெரியப்பா வருந்துவார், மாமா சினப்பார், நண்பர்கள் நகைப்பர், மறுநாள் அதே செய்தி வேறு உருவில் மீண்டும் மரமேறும். எனினும் விடை தெரிந்தவன் சொல்லியே தீரவேண்டும்.